யார் எழுதிய பதிவேடு?

வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டிய கலைக் கண்காட்சிகளைக் காதுக்குச் சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

நினைவு, மூதாதையர், அடையாளம். சமகாலக் கலைக் கண்காட்சிகளின் அழைப்பிதழ்களில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. உண்மையைச் சொன்னால், இந்தக் கண்காட்சிகளில் பல எனக்குச் சலிப்பைத்தான் தருகின்றன. பழுப்பேறிய குடும்பப் புகைப்படம், துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, கூரையிலிருந்து தொங்கும் நூல், பின்னால் மெல்லிய இசை. வருகிறவர் கண் கலங்கியே ஆக வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்ததைப் போல இருக்கும். கலங்கிவிட்டு வெளியே வந்தால், அது யாருடைய பாட்டி, அவருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் ஒன்றும் மனதில் நிற்காது.

மனதில் நிற்கிற கண்காட்சிகள் வேறொரு வேலையைச் செய்கின்றன. நம்மில் பெரும்பாலானவர்களின் முன்னோர் தாங்களே எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்களைப் பற்றி எழுத்தில் கிடைப்பதெல்லாம் அடுத்தவர் எழுதியது. வரிக்கணக்கு, கப்பல் பயணிகள் பட்டியல், போலீஸ் குறிப்பு, நீதிமன்றத் தீர்ப்பு. எழுதியவருக்கு எது தேவைப்பட்டதோ அதுதான் அதில் இருக்கும். நல்ல கலைஞர் அந்தப் பதிவேட்டோடு மல்லுக்கு நிற்கிறார்.

1992-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஃப்ரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர் இதைச் செய்து காட்டினார். மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த பொருள்களையே எடுத்து, இடம் மாற்றி வைத்தார். ஒரு கண்ணாடிப் பேழையில் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் குவளைகள், கூஜாக்கள். அவற்றின் நடுவே அடிமைகளுக்கு மாட்டிய இரும்பு விலங்கு. கீழே ஒட்டியிருந்த சீட்டில் ‘உலோக வேலை, 1793–1880’ என்று மட்டும் இருந்தது. இன்னொரு பக்கம், சவுக்கடி கொடுக்கும் கம்பம். அதைப் பார்த்தபடி அழகழகான நாற்காலிகள். வெள்ளியும் விலங்கும் ஒரே நிறுவனத்தின் சேகரிப்புதான். ஒன்றை மக்கள் பார்வைக்கு வைப்பதும் மற்றதைக் கிடங்கில் போடுவதும் யாரோ எடுத்த முடிவு. அந்த முடிவைத்தான் அவர் காட்சிக்கு வைத்தார்.

அடுத்தது 2024, வெனிஸ் பினாலே. இத்தாலியின் வெனிஸ் நகரில் பல நாடுகள் தத்தம் அரங்கு அமைக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சி அது. ஆஸ்திரேலிய அரங்கில் ஆர்ச்சி மூர். அவர் அந்நாட்டின் பூர்வகுடிகளான கமிலரோய், பிகம்புல் மரபுகளில் வந்தவர். அரங்கின் சுவரையும் கூரையையும் கறுப்பாக்கி, வெள்ளைச் சாக்குக்கட்டியால் தன் வம்சாவளியைக் கையாலேயே எழுதினார். தன்னில் தொடங்கி மேலே மேலே போய், 65,000 ஆண்டுகள், 2,400 தலைமுறைகள் வரை விரியும் ஒரு மரம். அவ்வளவு தலைமுறைக்கும் பெயர் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது என்பதுதான் விஷயம். கிடைத்த பெயர்கள் இருக்கின்றன, உறவுமுறைச் சொற்கள் இருக்கின்றன, வெள்ளையர் வைத்த இழிபெயர்களும் இருக்கின்றன. நடுநடுவே பெரிய கறுப்பு ஓட்டைகள். படுகொலையிலும் கொள்ளைநோயிலும் அறுந்துபோன கிளைகள் அவை. அவற்றை அவர் கற்பனையால் ஒட்டுப் போடவில்லை.

அறையின் நடுவில் ஒரு பெரிய வெள்ளை மேசை. அதில் கட்டுக்கட்டாகக் காகிதங்கள். காவலில் இறந்துபோன பூர்வகுடியினரைப் பற்றிய மரண விசாரணை அறிக்கைகள், பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டவை. மேசையைச் சுற்றித் தண்ணீர். நெருங்கிப் போய்ப் படிக்க முடியாது. சுவரில் இருப்பது, அழித்தால் அழிந்துவிடும் சாக்குக்கட்டி எழுத்து. மேசையில் இருப்பது அரசு பத்திரப்படுத்திய காகிதம். ஒரே மக்களைப் பற்றிய இரண்டு பதிவேடுகள். அந்த ஆண்டு சிறந்த தேசிய அரங்குக்கான தங்கச் சிங்கம் விருது இதற்குத்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு அது முதல் முறை.

தமிழிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் எப்படி! யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் 2011-இல் நூலாகக் கொண்டுவந்த படைப்புக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. தோம்பு என்பது இலங்கையில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு காணி, யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று ஆட்சியாளர்கள் எழுதி வைத்தது. சனாதனன் அதைத் தலைகீழாகப் பிடித்தார். வடக்கிலிருந்து போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்கள் வரைந்த படம், அதையே முறையாகப் போட்ட கட்டிட வரைபடம், அப்புறம் சனாதனன் தீட்டிய ஓவியம். வீட்டுக்கு வீடு இந்த மூன்றும் சேர்ந்து வருகின்றன.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் சுவாரசியமே. நினைவிலிருந்து வீடு வரைகிறவரிடம் அளவுகோல் இல்லை. பிடித்த இடம் பெரிதாகிவிடும், போகாத அறை சுருங்கிவிடும். அதே வீடு கட்டிட வரைபடமாகும்போது கோடு நேராகிறது, எந்த அலுவலகத்திலும் ஏற்றுக்கொள்ளத்தக்க ஒன்றாகிறது. எது உண்மையான வீடு என்று கேட்டால் எனக்கு முதலாவதுதான். ஆனால் இழப்பீடு கேட்டுப் போகிறவரிடம் அதிகாரி எதைக் கேட்பார் என்பது உங்களுக்கும் தெரியும்.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வாழ்க்கையும் உண்டு. சீனக் கலைஞர் சோங் டாங்கின் அப்பா 2002-இல் இறந்தார். அம்மா துயரத்திலிருந்து மீளவில்லை. பஞ்சத்தையும் ரேஷன் பங்கீட்டையும் பார்த்தவர், எதையும் தூக்கி எறியாதவர். இப்போது வீடே பொருள்களால் நிரம்பிவிட்டது. 2005-இல் பெய்ஜிங்கில் மகன் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு அத்தனையையும் கண்காட்சியாக வைத்தார். 10,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். காலியான பற்பசைக் குழாய்கள், பாட்டில் மூடிகள், மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகள், செருப்புகள். ரகம் பிரித்துத் தரையில் வரிசை வரிசையாக. அதில் காய்ந்து இறுகிய சோப்புக் கட்டிகளும் உண்டு. பங்கீட்டுக் காலத்தில், பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உதவும் என்று அம்மா சேர்த்தவை. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது எடுத்து நீட்டினார். மகனிடமோ துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. அம்மா அந்தச் சோப்பைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டார்.

இந்தச் சோப்பில் இருக்கும் சீன வரலாறு எந்தத் தடித்த புத்தகத்துக்கும் குறைந்ததல்ல என்பேன். அந்த அம்மா கண்காட்சிக்கு வந்தவர்களிடம் தானே பேசினார், பொருள்களைப் பற்றிச் சொன்னார். 2009-இல் அவர் இறந்தார். அதே ஆண்டில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் அவை காட்சிக்கு வந்தன.

எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. பதிவேட்டை எதிர்க்கிற கலைஞரும் ஒரு பதிவேடு எழுதுகிறார். அடுத்தவர் வீட்டுப் படமும் செருப்பும் அவர் பெயரில் உலகம் சுற்றும், சில சமயம் விலைக்கும் போகும். சோங் டாங்கின் அம்மா கூடவே நின்றார். சனாதனனின் தோம்பில் வீடிழந்தவரின் கோணல் கோடு அப்படியே இருக்கிறது. எல்லாக் கண்காட்சிகளுக்கும் இந்த நேர்மை வாய்ப்பதில்லை.

ஆகவே நீங்கள் போகும்போது சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை முதலில் படிக்காதீர்கள். அதை எழுதுகிறவர்கள் ஏனோ யாருக்கும் புரியக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பொருளைப் பாருங்கள். அப்புறம் விளக்கத்துக்கு வந்து, இது யாருடையது, யார் கொடுத்தது, அவரைக் கேட்டுத்தான் வைத்தார்களா என்று தேடுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் கூடத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லையென்றால், கண்காட்சியை அமைத்தவரின் காதுக்கு உங்கள் கேள்வி போகட்டும்.

நன்றி, வணக்கம்.