தண்ணீரில் கரைந்துவிட்டால் வேம்பு யூரியா தோற்றுவிட்டதா?

வணக்கம். கையில் இருக்கிற பாட்டிலைப் பாருங்கள். பாலிமர் பூசிய யூரியா 10 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 250 மில்லி, 25 டிகிரி இன்குபேட்டர். இன்றோடு 28 நாள். ஒரு குருணையை இடுக்கியால் அமுக்குகிறேன். பாருங்கள், உள்ளே தண்ணீர்தான், தோல் மட்டும் அப்படியே இருக்கிறது. மெதுவாக வெளியேறும் உரத்துக்கு ஐரோப்பியத் தரவிதி கேட்பது இந்த 25 டிகிரியில்தான்: முதல் 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வெளியேறக் கூடாது, 28 நாளில் 75-ஐத் தாண்டக் கூடாது.

பக்கத்துப் பாட்டிலில் வேப்பெண்ணெய் பூசிய யூரியா. போட்ட அன்றே முழுக்கக் கரைந்துவிட்டது. இதைப் பார்த்து "வேம்பு பூச்சால் பயனில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதன் வேலை கரைவதைத் தடுப்பதில் இல்லை. மண்ணில் யூரியா அம்மோனியமாக மாறிய பிறகு, அதை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. தண்ணீர் பாட்டிலில் அது தெரியவே தெரியாது. 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் இந்தப் பூச்சு கட்டாயம், அதனால் சரியான சோதனையில் எடை போடுவது முக்கியம்.

அதற்கு மண் வேண்டும். ஈர மண்ணில் உரத்தைக் கலந்து மூடி வைத்து, வாரம் ஒரு முறை 10 கிராம் எடுத்து, மண்ணிலுள்ள அம்மோனியமும் நைட்ரேட்டும் கரைசலுக்கு வர 2 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறேன். பிறகு காய்ச்சி வடித்தல். முதலில் மக்னீசியம் ஆக்சைடு போட்டால் அம்மோனியம் மட்டும் வரும். அப்புறம் அதே குடுவையில் டெவார்டா உலோகக் கலவை (செம்பு, அலுமினியம், துத்தநாகம்) போட்டால் நைட்ரேட்டும் அம்மோனியாவாகி வரும். வரும் அம்மோனியாவைப் பிடிக்கிற, நிறங்காட்டி கலந்த இந்த போரிக் அமிலம் ஒயின் நிறத்திலிருந்து பச்சைக்குத் திரும்புவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பிடிபட்ட அம்மோனியாவை அளக்க, பியூரெட்டில் (அளவுக் குழாயில்) 0.02 நார்மல் கந்தக அமிலம். பச்சை போய் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். 1 மில்லி செலவானால் 0.28 மில்லிகிராம் நைட்ரஜன்.

ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். போன முறை பாலிமர் பாட்டிலையும் ஷேக்கரில் வைத்துவிட்டேன். குருணைகள் ஒன்றோடொன்று உரசித் தோல் கிழிந்து, இரண்டு நாளில் பாதி யூரியா வெளியே வந்துவிட்டது. அந்தத் தொகுப்பு முழுக்க வீண். இப்போது பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி மட்டும் கலக்குகிறேன்.

நம் ஊர் வெயில் காலத்து மண் 25 டிகிரியில் நிற்காதே. சூடு ஏறினால் பாலிமர் தோல் வழியாகக் கசிவும் வேகமாகும். நாளைக்கு அதே உரத்தை 35 டிகிரியில் வைக்கிறேன். முதல் நாள் அளவை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.