பாலாற்றை நாலு தடவை வரைந்தேன்

வணக்கம் நண்பர்களே. காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி காலை ஐந்தே முக்கால். கத்திரி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மே 4 முதல் 28 வரை, காலை பத்து மணிக்கு மேல் இங்கே வெளியில் உட்கார்ந்து படம் வரைகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "உங்க படத்துல ஆறு ஏன் நீலமா இல்ல?" கேட்பவர் எந்த ஊர் என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது, அதை வீடியோவில் சொல்ல முடியாது. இதில் கோயில் கணக்கு 1981-இல் தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறு மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதாவது மணலாக.

சரி, இன்றைக்கு அந்த மணலைத்தான் காட்டப் போகிறேன். காட்பாடிக்குப் போகும் பாலத்தின் மேல், ஒரே இடத்திலிருந்து பார்த்ததை, வெவ்வேறு பருவத்தில் வரைந்த நாலு தாள்கள். நாலிலும் ஒரே காகிதம், 300 ஜிஎஸ்எம் காட்டன், அதாவது தடிமனான பருத்திக் காகிதம். நிறமும் பெரும்பாலும் மூன்றே மூன்றுதான்: யெல்லோ ஆக்கர் என்கிற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, அல்ட்ராமரின் என்கிற அடர் நீலம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு பேர் வரைந்த மாதிரி இருக்கிறது.

முதலில் இது, போன வருடக் கத்திரியில் வரைந்தது. கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். மணல் சொரசொரவென்று தெரிகிறதா? அது திட்டமிட்டு வந்ததில்லை. நான் நீர்வண்ணம் கற்றுக்கொண்டதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துத்தான். அவர்கள் காகிதத்தை நனைத்துவிட்டு, "இப்போது போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், காயட்டும்" என்பார்கள். நான் டீக்கு அடுப்பு பற்ற வைப்பதற்குள் காகிதம் அப்பளம். ஈரத்தின் மேல் ஈரம் வைத்து வானத்தை இழையவிடுவது என்று ஒன்று இருக்கிறதே, அது இங்கே மே மாதத்தில் நடக்காது. தூரிகை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து கோடு விழுந்துவிடும்.

ரொம்ப நாள் அதை என் கைக்கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளிசரின் கலந்து பார்த்தேன், காகிதத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்துப் பார்த்தேன். கடைசியில் தேன் சேர்த்த வண்ணப்பெட்டி ஒன்று வாங்கினேன், தேன் இருந்தால் மெதுவாகக் காயும் என்பதால். மெதுவாகத்தான் காய்ந்தது. மறுநாள் காலையில் பெட்டி முழுக்க எறும்பு. சிவப்பைத் தொடவில்லை, மஞ்சளைக் குழி பறித்து வைத்திருந்தன. எறும்புக்கும் ஆக்கர்தான் பிடிக்கும் போல.

அப்புறம் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். தண்ணீர் குறைவாகத் தொட்டு, தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தேன். காகிதத்தின் மேடு மட்டும் நிறம் வாங்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அதுதான் இந்த மணல். பங்குனிக்கு மேல் நடுப்பகலில் பாலத்தில் நின்றால் கண் கூசுமே, அந்தக் கூச்சம் இதில் தானாக வந்திருக்கிறது. வெயிலை நான் வரையவில்லை. வெயில் என்னை வேறு மாதிரி வரைய விடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தாள் ஆவணி. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியிலேயே சாயங்காலத்தில் இடியோடு கொட்டும். அரை மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். இந்த ஓரத்தில் இருக்கும் புள்ளிகளெல்லாம் நிஜ மழைத்துளி, நான் தெளித்ததில்லை. படத்தை அள்ளிக்கொண்டு ஓடியபோது விழுந்தவை. ஆற்றில் அப்போதும் தண்ணீர் இல்லை. மணல் மட்டும் வெளுப்பிலிருந்து வெல்ல நிறத்துக்கு மாறியிருந்தது.

மூன்றாவது மார்கழி. இதை மட்டும் பாலத்தில் முடிக்கவில்லை, பாதியில் எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய்விட்டேன். ஆலங்காயம் வழியாகக் காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர். காவலூரில் வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வான் ஆய்வகம் இருக்கிறதே, அந்தப் பக்கம் இருட்டில் பஸ்ஸில் போனால் ஜன்னலில் ஒன்றும் தெரியாது. இருட்டாக இருக்கிறது என்பதால்தானே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வரைய ஒன்றுமில்லாத அரை மணி நேரம். எனக்குப் பிடித்த அரை மணி நேரமும் அதுதான்.

காலையில் சாமை அறுத்த கொல்லையின் வரப்பில் உட்கார்ந்து தாளை நனைத்தேன். காயவே இல்லை! ஒரு மணி நேரம் கழித்தும் ஈரம். அல்ட்ராமரினுக்கு ஒரு குணம் உண்டு. நேரம் கொடுத்தால் அதன் துகள்கள் காகிதத்தின் பள்ளத்தில் மெதுவாக இறங்கிப் பொடிப்பொடியாகப் படியும். கத்திரியில் அதற்கு நேரமே கிடைக்காது. மலைக்குளிரில் அது இஷ்டத்துக்குப் படிந்து, பாலாற்று மேல் ஒரு பனி தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு வேலூரில், பனி ஜவ்வாதில். பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை அழிக்க மனசு வரவில்லை.

ஊர் ஊராகப் போவதில் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: அந்த ஊர்க் காற்றில் தாள் எவ்வளவு நேரத்தில் காய்கிறது. மகேந்திரவாடிக்குப் போனபோதும் அப்படித்தான். ஒற்றைப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்மப் பல்லவன் பெருமாளுக்குக் கட்டிய குடைவரை. கட்டிய என்று சொல்லக்கூடாதோ, செதுக்கிய. அந்த ராஜாவுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம் உண்டு, ஓவியர்களில் புலி. புலி தன் வண்ணத்தை எதில் குழைத்தாரோ. நான் குழைப்பது வேலம் பிசினில். நீர்வண்ணத்தில் நிறத்தைக் காகிதத்தோடு ஒட்டவைக்கும் கம் அராபிக் ஒரு வேல மரத்துப் பிசின்தான். வேலூருக்குப் பெயரே வேல மரத்தால் வந்தது என்பார்கள். ஆற்று மணல் போன இடத்தில் இன்றைக்கு மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம், அது வேறு சாதி.

நாலாவது தாளுக்கு வருகிறேன். 2021 நவம்பர். இதில் மட்டும் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. இருக்கிறது என்றால் கரைக்குக் கரை. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு, அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில். அத்தனை தூரத்துக்கும் சேர்த்து ஒரே வாரத்தில் பாக்கியைத் தீர்த்த மாதிரி வந்தது. பாலத்தில் கும்பல். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அதோ பாரு ஆறு" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் தண்ணீர் விற்கிறவர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்று வரைய முடியாது. இரண்டு வாரம் கழித்து வீட்டில் ஞாபகத்திலிருந்து வரைந்தேன்.

பிறகு போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டேன். தண்ணீர் செம்மண் நிறம், அது சரியாக வந்திருந்தது. மிதந்து போன பிளாஸ்டிக் குடம் போனில் நீலம், என் படத்தில் பச்சை. கும்பலே இல்லை. அத்தனை பேர் இடித்துக்கொண்டு நின்ற பாலம் என் படத்தில் காலி. திருத்தலாமா என்று யோசித்தேன், திருத்தவில்லை.

இந்த நாலையும் எடுத்துக்கொண்டு பள்ளிகொண்டாவில் ஆயா, அதாவது என் பாட்டி வீட்டுக்குப் போனேன். ஆயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தது. வெள்ளம் வந்த தாளைச் சும்மா தள்ளிவிட்டது. கத்திரித் தாளைத்தான் கையில் எடுத்தது.

"இன்னாடி இது, வெறும் மணலு? ஊத்து எங்க கீது?"

எனக்குப் புரியவில்லை. ஆயா தாளிலேயே விரலை வைத்து வட்டம் போட்டுக் காட்டியது. அந்தக் காலத்தில் கோடையில் ஆற்றுக்குக் குடத்தோடு போவார்களாம். முழங்கால் ஆழம் மணலைத் தோண்டினால் போதும், ஊறும். முதலில் கலங்கலாக வரும், அதை இறைத்துக் கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தெளிந்ததும் கொட்டாங்கச்சியால் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலிலும் பல் கூசுமாம் அந்தத் தண்ணீர். ஆளுக்கு ஒரு ஊற்று, அடுத்தவர் ஊற்றில் கை வைத்தால் சண்டை.

நீரில்லாத ஆறு என்று நாம் சொல்வதை ஆயா ஒத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் கீழே இருக்கிறது, தோண்டத் தெரியாதவன்தான் "இல்லை" என்கிறான் என்றது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் கழிவு கலந்த பிறகு அந்தத் தண்ணீரை யார் குடிப்பது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஆயா விரல் பட்ட இடத்தில் லேசாக எண்ணெய்க் கறை. அங்கே இனி நிறம் பிடிக்காது.

அதனால்தான் இன்றைக்கு விடியலில் மாடிக்கு வந்தேன். ஐந்தாவது தாள். பேசிக்கொண்டே மணலைப் போட்டுவிட்டேன், பார்த்தீர்களா? நடுவில் ஒரு ரூபாய் அளவு வட்டத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறேன். ஈர மணல் விளிம்பு கொஞ்சம் கருத்திருக்கும், அதற்கு சியன்னாவில் துளி அல்ட்ராமரின். கோடு விழாமல் இழைய வேண்டும், அதற்குத்தான் இந்த நேரம்...

அய்யோ. வெயில் தாளுக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் இழைந்தது, அந்தப் பக்கம் கோடு விழுந்துவிட்டது. பாதி ஊற்று ஈரம், பாதி காய்ந்துவிட்டது. இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டா போகிறேன், ஆயா என்ன சொல்கிறது என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன். இப்போது பெட்டியை மூட வேண்டும், எறும்பு வரிசை கிளம்பிவிட்டது.