விதையை எப்போ போடணும்? நடுற நாள்ல இருந்து பின்னாடி எண்ணுங்க

வணக்கம் மக்களே. என் கையில ரெண்டு தக்காளி நாத்து இருக்கு, பாருங்க. இடது கையில இருக்கிறது ஒரு சாண் உயரம், பென்சில் கனத்துக்குத் தண்டு, இன்னும் பூ எடுக்கல. வலது கையில இருக்கிறது முழங்கை நீளம், உச்சியில ஒரு கொத்துப் பூவே வந்துடுச்சு. பார்த்ததும் கை பெரியதுக்குத்தான் போகும். தொட்டியைக் கழட்டிக் காட்டுறேன், கிட்ட வாங்க. வேர் போக இடமில்லாம தொட்டியோட வடிவத்துக்கே சுத்திச் சுத்தி இறுகிப் போயிருக்கு. இதை மண்ணுல வெச்சா புது வேர் விடவே ரெண்டு மூணு வாரம் திணறும். அதுக்குள்ள அந்தச் சின்னது வேர் பிடிச்சு இதைத் தாண்டிடும். சின்னது 6 வாரத்து நாத்து, பெரியது 11 வாரத்து நாத்து. விதை போட்ட தேதி ஒண்ணுதான் வித்தியாசம்.

அதனால தேதியை எப்படிப் பிடிக்கிறதுன்னு பார்ப்போம். காலண்டரை எடுத்ததும் விதை போடுற நாளைத் தேடாதீங்க. வெளியில நடப்போற நாளை முதல்ல குறிங்க. உறைபனி விழுற ஊர்னா அந்த ஊருக்கான கடைசி உறைபனி நாள்தான் ஆணிவேர். ஒரு எச்சரிக்கை: சராசரி கடைசி உறைபனி நாள்னு போட்டிருந்தா, ஏறக்குறைய பாதி வருஷங்கள்ல அதுக்கு அப்புறமும் பனி விழும்னு அர்த்தம். அது எல்லாப் பயிருக்கும் நடுற நாள் இல்ல. முட்டைக்கோஸ் குடும்பம், வெங்காயம், லெட்யூஸ் இதெல்லாம் லேசான பனியைத் தாங்கும், அந்த நாளுக்கு 3 வாரம் முன்னாடியே வெளியில போகலாம். தக்காளி 10, 11 நாள் கழிச்சு. மிளகாய், குடைமிளகாய், கத்தரி 3 வாரம் கழிச்சு.

இப்போ ஒவ்வொண்ணும் தொட்டிக்குள்ள எத்தனை வாரம் இருக்கணும்? வெங்காயம், லீக்ஸ், செலரி 10 முதல் 12 வாரம். மிளகாய், கத்தரி 8 முதல் 10. தக்காளி 6 முதல் 8. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ராக்கோலி 4 முதல் 6. லெட்யூஸ் 4. வெள்ளரி, பூசணி, சுரை மாதிரி கொடிகள் 3, மிஞ்சிப்போனா 4. கேரட், முள்ளங்கி, பீன்ஸ், பட்டாணி இதையெல்லாம் தொட்டியில போட்டு நேரத்தை வீணாக்காதீங்க, நேரா மண்ணுலயே போடுங்க. கேரட்டைப் பிடுங்கி நட்டா ஆணிவேர் கவைவிட்டுக் கோணிக்கும்.

ஒரு பேச்சுக்குக் கடைசி உறைபனி ஏப்ரல் 20ன்னு வெச்சுப்போம். முட்டைக்கோஸை மார்ச் 30 நடலாம், 5 வாரம் பின்னாடி போனா பிப்ரவரி 23. வெங்காயமும் அதே மார்ச் 30தான், ஆனா 10 வாரம் பின்னாடி போகணும், ஜனவரி 19. தக்காளி மே 1 நடுறோம், 7 வாரம் பின்னாடி போனா மார்ச் 13. மிளகாய் மே 11, 9 வாரம் பின்னாடி போனா மார்ச் 9. வெள்ளரியை மே 6 நடுறதா இருந்தா ஏப்ரல் 15 போட்டாலே போதும். கவனிச்சீங்களா? மிளகாய்க்கு ரெண்டு வாரம் கூடுதலா வேணும், ஆனா அது வெளியில போறதும் தாமதம்தான், அதனால தக்காளிக்கு 4 நாள் முன்னாடி போட்டாப் போதும். முட்டைக்கோஸுக்கு வாரம் கம்மி, இருந்தும் அது ரெண்டுக்கும் முன்னாடி மண்ணுக்குள்ள போயிடுது. எல்லா விதையையும் ஒரே ஞாயித்துக்கிழமையில போட்டு முடிக்கிறவங்களுக்கு வெள்ளரி ஜன்னலெல்லாம் படர்ந்து நிக்கும், வெங்காயம் நூல் மாதிரி இருக்கும்.

உறைபனியே இல்லாத ஊர்க்காரங்க, நீங்களும் இதே மாதிரி பின்னாடிதான் எண்ணணும். கொட்டுற மழை ஓயுற நாளையோ, கடும் வெயில் தணியுற நாளையோ நடுற நாளா வெச்சுக்குங்க. வெதுவெதுப்புல நாத்து சீக்கிரம் வளரும், தக்காளிக்கு 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் எடுத்துக்கலாம்.

நான் சொன்ன வாரக் கணக்குல முளைக்கிற நாளும் சேர்த்திதான், ஆனா விதைக்குச் சூடு சரியா கிடைச்சாத்தான் அந்தக் கணக்கு நிக்கும். மிளகாய் விதை மண்ணுச் சூடு 25 டிகிரியில 8 நாள்ல முளைக்கும். 20 டிகிரியில 13 நாள். 15 டிகிரியில 25 நாள் ஆகும், அதுலயும் பாதி அழுகிப் போகலாம். தக்காளி 25 டிகிரியில 6 நாள், 15ல ரெண்டு வாரம். அறைச் சூடு 20ன்னா விதை போட்ட ஈரக் குழித்தட்டுல அதைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், ஏன்னா ஈரம் ஆவியாகும்போது குளிர்ந்துடும். அதனாலதான் தட்டுக்கு அடியில போடுற ஹீட் மேட், அதாவது கரண்ட்ல சூடாகுற விரிப்பு, மிளகாய், கத்தரிக்கு உபயோகம். முட்டைக்கோஸுக்கு அது தேவையே இல்ல. லெட்யூஸுக்குப் போட்டீங்கன்னா கெடுதல், 30 டிகிரி தாண்டினா அந்த விதை தூங்கப் போயிடும்.

விதை பழசான்னு சந்தேகமா? 10 விதையை ஈரமான டிஷ்யூ பேப்பர்ல சுருட்டி ஒரு கவர்ல போட்டு வெதுவெதுப்பான இடத்துல வைங்க. 6க்குக் கீழ முளைச்சா தட்டுல ஒரு குழிக்கு ரெண்டு மூணு விதை போடுங்க. வெங்காய விதை மட்டும் வருஷா வருஷம் புதுசா வாங்குங்க, அது சீக்கிரம் செத்துடும்.

தட்டுல நிரப்புற கலவைக்குத் தோட்டத்து மண்ணைப் போடாதீங்க. சின்னக் குழியில அது களி மாதிரி இறுகும், நோயையும் கூட்டிட்டு வரும். கழுவி உப்பு எடுத்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 3 பங்கு, நல்லா சலிச்ச மண்புழு உரம் 1 பங்கு போதும். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு தண்ணி வரணும். ஒழுகினா ஈரம் ஜாஸ்தி. தக்காளி, மிளகாய் விதை அரை சென்டிமீட்டர் ஆழம், வெள்ளரி ஒண்ணரை. செலரிக்கு வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும், மேல தூவி லேசா அழுத்தி விட்டுடுங்க.

முளையோட முதல் வளைவு மண்ணுக்கு மேல தலை காட்டின அன்னைக்கே தட்டை மூடியிருக்கிற மூடியை எடுங்க, ஹீட் மேட்டை நிறுத்துங்க, விளக்குக்கு அடியில கொண்டு போங்க. மறுநாள் பார்த்துக்கலாம்னு விட்டா அந்த ஒரு நாள்லயே தண்டு நெட்டையாகிடும். ஜன்னல் வெளிச்சம் நம்ம கண்ணுக்குப் போதுமானதா தெரியும், செடிக்குப் போதாது. சாதாரண வெள்ளை எல்இடி குழல் விளக்கு, நாத்தோட உச்சியில இருந்து 10 சென்டிமீட்டர் உயரத்துல, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். செடி வளர வளர விளக்கையும் ஏத்துங்க. ராத்திரி கட்டாயம் அணைக்கணும்.

இப்போ நாத்தழுகல். நேத்து நல்லா நின்ன நாத்து இன்னைக்கு சாஞ்சு கிடக்கும். தண்டு மண்ணைத் தொடுற இடத்துல நூலால கட்டின மாதிரி இறுகிக் கருத்திருக்கும். மண்ணுலயும் தண்ணியிலயும் வாழுற பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி கிருமிகளோட வேலை. குளிர்ந்த ஈர மேல்மண்ணு, காத்தோட்டம் இல்லாத மூடி, நெருக்கமா விழுந்த விதை, இந்த மூணும் சேர்ந்தா வந்தே தீரும். சாஞ்ச நாத்தைக் காப்பாத்த முடியாது. அதையும் சுத்தி இருக்கிறதையும் மண்ணோட அள்ளி எறிஞ்சிட்டு, தண்ணியை நிறுத்தி, சின்ன ஃபேன் ஒண்ணை வேகம் கம்மியா ஓட விடுங்க. வராம இருக்கணும்னா எப்பவும் தட்டுக்கு அடியில தண்ணி ஊத்துங்க, 20 நிமிஷம் உறிஞ்சட்டும், மிச்சத்தைக் கொட்டிடுங்க. மேல்மண்ணு வெளுத்த பிறகு அடுத்த தண்ணி.

முதல்ல வர்ற ரெண்டும் வித்திலை. அதுக்கு அப்புறம் வர்றதுதான் அசல் இலை. அசல் இலை ரெண்டு வந்ததும் பாதி வீரியத்துல கரைச்ச திரவ உரம் வாரம் ஒரு தடவை, கூடவே 8, 9 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாத்துறது. தூக்கும்போது இலையைப் பிடிங்க. இலை கிழிஞ்சா வேற வரும், தண்டு நசுங்கினா கதை முடிஞ்சுது. கொடிப் பயிருக்கு இந்த மாத்துற வேலையே வேண்டாம், வேர் கலைஞ்சா கோவிச்சுக்கும். முதல்லயே பெரிய தொட்டியில போடுங்க.

வெளியில வெயிலுக்குப் பழக்குறதுக்கு 7 முதல் 10 நாள் ஒதுக்குங்க, இது அந்த வாரக் கணக்குக்குள்ளயே அடங்குது. முதல் நாள் நிழல்ல ஒரு மணி நேரம். அப்புறம் தினம் ஒரு மணி, ரெண்டு மணின்னு கூட்டி, நாலாவது நாள் காலை இளவெயில். அவசரப்பட்டா இலையில வெள்ளை வெள்ளையா காகிதம் மாதிரி திட்டு விழும், அது வெயில் சுட்டது, நோய்னு மருந்து அடிக்காதீங்க. தேதி வந்துடுச்சேன்னும் நடாதீங்க. காலையில 10 சென்டிமீட்டர் ஆழத்துல தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்க, தக்காளிக்கு மூணு நாள் தொடர்ந்து 15 டிகிரி, மிளகாய்க்கு 18. ராத்திரி 10க்குக் கீழ இறங்கும்னு வானிலை அறிக்கை சொன்னா ஒரு வாரம் காத்திருங்க. அந்த வாரம் தக்காளி நாத்தை 16, 18 டிகிரி இடத்துல வெச்சு வளர்ச்சியை மட்டுப்படுத்தலாம். மிளகாயை அப்படிக் குளிர்ல வைக்காதீங்க, ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாத்திடுங்க.

சரி, வலது கையில இருந்த அந்த நெட்டை நாத்தை என்ன பண்றது? தக்காளிங்கிறதால பிழைச்சுது. பூவைக் கிள்ளுங்க, கீழ் இலைகளை எடுங்க, சுத்தின வேரை விரலால கொஞ்சம் பிரிச்சு விடுங்க. ஆழமான குழிக்குப் பதிலா ஒரு சாண் நீளத்துக்கு வாய்க்கால் மாதிரி பறிச்சு, தண்டைப் படுக்க வெச்சு, உச்சி மட்டும் வெளியில தெரியுற மாதிரி மூடுங்க. மண்ணுக்குள்ள இருக்கிற தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய்க்கு இந்த வித்தை பலிக்காது, தொட்டியில இருந்த அதே ஆழத்துலதான் நடணும். வயசான காலிஃபிளவர் நாத்தா இருந்தா எதுவுமே பண்ண முடியாது. நட்டாலும் பொத்தான் அளவுக்கு ஒரு பூ எடுத்துட்டு நின்னுடும், அதை உரக்குழியில போட்டுட்டு புதுசா விதை போடுங்க.