பாதியில் மூடுவதும் வாசிப்புதான்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தொடங்கிய புத்தகத்தை முடித்தே தீர வேண்டுமா, பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடலாமா என்பது இன்றைய தலைப்பு. மூடிவிடலாம் என்று வாதாட வந்திருக்கிறேன். மூடிவிட்டு, எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் அடுத்ததை எடுக்கலாம் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லைக்கல்லை நட்டுவிடுகிறேன். தேர்வுக்குப் படிக்கும் மாணவர், மதிப்புரை எழுத ஒப்புக்கொண்டவர், பரிசுக் குழுவில் இருப்பவர், மெய்ப்புத் திருத்துபவர் எல்லாரும் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். அது கடமை. அதில் எனக்கு வழக்கு இல்லை. எதிரணித் தலைவர் தமக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைத் தேர்வு எழுதும் மாணவருக்கே செலவிட்டார். பாவம், அந்த மாணவர் இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. நாம் பேசுவது, யாரும் கட்டாயப்படுத்தாமல் தன் நேரத்தில் தன் விருப்பத்துக்குப் படிக்கிற வாசகரைப் பற்றி.

அந்த வாசகரைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். கையில் இருக்கும் புத்தகம் பிடிக்கவில்லை. விடவும் மனமில்லை. ஒரே பத்தியை மூன்றாவது முறையாகப் படிக்கிறார். கண் வரியின் மேல் ஓடுகிறது, மனம் எங்கோ இருக்கிறது. படித்த பக்கங்களை ஒரு கையிலும் மீதியை மறு கையிலும் பிரித்துப் பிடித்துக் கனம் பார்க்கிறார். அத்தியாயம் எங்கே முடிகிறது என்று புரட்டுகிறார். முடிகிற பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்தால் முகத்தில் ஒரு நிம்மதி. உரையாடல் வரும் பக்கங்கள் என்றால் இன்னும் மகிழ்ச்சி, அங்கே வரிகள் குட்டையாக இருக்கும் அல்லவா! பிறகு அடையாளச் சீட்டைச் செருகி மூடி வைக்கிறார். மறுநாள் எடுப்பதில்லை. அடுத்த வாரமும் எடுப்பதில்லை. வேறு புத்தகத்தைத் தொடுகிறாரா என்றால் அதுவும் இல்லை. கேட்டால், "கையில் ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது" என்கிறார்.

நடுவர் அவர்களே, என் கட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முடித்தே தீருவேன் என்று சபதம் செய்தவர்கள் முடித்துவிடுகிறார்கள் என்று எதிரணியினர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் முடிப்பதில்லை, நின்றுபோகிறார்கள். குழாயில் அடைத்துக்கொண்ட துணியைப் போல அந்த ஒரு புத்தகம் பின்னால் வர இருந்த அத்தனையையும் தடுத்துவிடுகிறது. நான் மூடுகிறேன் என்றால் எனக்கு ஒரு புத்தகம் நஷ்டம். அவர் மூட மறுத்ததில் ஓர் ஆண்டு வாசிப்பே போயிற்று.

எதிரணித் தலைவர் குறளோடு வந்தார். 'வினைக்கண் வினைகெடல் ஓம்பல் வினைக்குறை தீர்ந்தாரின் தீர்ந்தன்று உலகு' என்று கணீரென்று முழங்கினார். வேலையை அரைகுறையாக விட்டவனை உலகம் கைவிட்டுவிடும் என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், நல்ல குறள். ஆனால் அதே வள்ளுவர் வேறோர் இடத்தில் சொல்கிறார்: 'செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்.' செய்யத் தகாததைச் செய்தாலும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் கேடு. பிடிக்காத புத்தகத்தோடு மல்லுக்கட்டுபவருக்கு இரண்டு கேடும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. தனக்கு ஒத்துவராததை இழுத்துக்கொண்டிருக்கிறார். தனக்காகக் காத்திருப்பதைத் தொடாமல் இருக்கிறார்.

காத்திருப்பது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். வாரம் ஒரு புத்தகம் படிக்கும் தீவிர வாசகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 52. அறுபது ஆண்டுகள் இடைவிடாமல் படித்தாலும் 3,120. உலகில் மொத்தம் எத்தனை நூல்கள் உள்ளன என்று 2010-இல் கூகுள் நிறுவனம் கணக்கெடுத்தபோது கிடைத்த எண் ஏறத்தாழ 12 கோடியே 98 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பிடிக்காத ஒன்றுக்கு நான் ஏன் மூன்று மாதம் கொடுக்க வேண்டும் என்று யாராவது எனக்கு விளக்கட்டும். இந்தக் கணக்கை நம் முன்னோர் கூகுளுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். நாலடியார் பேசுகிறது:

'கல்வி கரையில கற்பவர் நாள்சில
மெல்ல நினைக்கின் பிணிபல - தெள்ளிதின்
ஆராய்ந் தமைவுடைய கற்பவே நீரொழியப்
பாலுண் குருகின் தெரிந்து.'

கல்விக்குக் கரை இல்லை, கற்பவருக்கு நாள் சில, அந்தச் சில நாளிலும் நோய் பல. ஆகவே நீரை விட்டுப் பாலை மட்டும் அருந்தும் பறவையைப் போலத் தேர்ந்து படி என்கிறார்கள். நீரையும் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் பாலுக்கு வர வேண்டும் என்று அந்தப் பறவைக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

அடுத்து, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை எப்படி வீணாக்குவது என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அம்மையார் கேட்டார். நியாயமான வீட்டுக் கவலை. இதற்கு ஒரு சோதனையே நடந்திருக்கிறது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்டது. ஒரு பருவம் முழுவதற்குமான நாடக டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்கு மட்டும் எதிர்பாராத தள்ளுபடி. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் இழுக்கவில்லை, கொடுத்த காசு இழுத்தது. அம்மையார் அவர்களே, காசு கடைக்காரரிடம் போன அன்றே போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் அதை யாரும் திருப்பித் தருவதில்லை. காசை இழந்தது போதாது என்று பத்து மாலைப் பொழுதுகளையும் அதன் பின்னால் அனுப்புவது என்ன சிக்கனம்?

சரி, எழுத்தாளருக்கு மரியாதை வேண்டாமா? எதிரணியின் உருக்கமான வாதம் இதுதான். பல ஆண்டுகள் உழைத்து எழுதியதை ஐம்பது பக்கத்தில் தூக்கி எறிவதா என்று குரல் தழுதழுக்கக் கேட்டார்கள். நான் தூக்கி எறியச் சொல்லவில்லை, கை மாற்றச் சொல்கிறேன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நான் மூடிய நூலுக்கு உரிய வாசகர் எங்கோ இருக்கிறார். என் மேசையில் சிறைப்பட்டுக் கிடக்கும்வரை அது அவரிடம் போய்ச் சேராது. நூலகத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், சொந்தப் புத்தகத்தை ஆசைப்படும் நண்பரிடம் சேர்ப்பதும்தான் எழுத்தாளருக்கு நான் செய்யும் மரியாதை. மனமின்றிப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவது மரியாதையா? எந்த எழுத்தாளராவது அப்படி ஒரு வாசகரை விரும்புவாரா? ரங்கநாதனின் நான்காவது விதியையும் சொல்லிவிடுகிறேன், அது என் கட்சிக்கென்றே எழுதியது போல் இருக்கிறது: வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள்.

உண்மையில், பாதியில் விடுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். ஒப்புக்கொள்வதில்தான் கஞ்சத்தனம். ஜோர்டன் எலன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் 2014-இல் ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டார். மின்நூல் படிக்கும் கிண்டில் கருவியில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட வரிகள் எந்தப் பக்கங்களில் வருகின்றன என்று பார்த்தார். எல்லாரும் முழுவதும் படித்திருந்தால் அந்த வரிகள் புத்தகம் முழுக்கப் பரவி இருக்க வேண்டும் அல்லவா? காலத்தைப் பற்றி ஸ்டீபன் ஹாக்கிங் 1988-இல் எழுதிய, கோடிப் பிரதி விற்ற நூலில் அவற்றின் சராசரி இடம் முதல் ஏழு விழுக்காட்டைக்கூடத் தாண்டவில்லை. இது கறாரான ஆய்வு அல்ல, விளையாட்டு என்று எலன்பெர்க்கே சொல்லிவிட்டார். இருந்தாலும் அந்த நூலை வாங்கி வைத்திருக்கும் சிலர் இந்த அவையில் இப்போது தரையைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. கவலைப்படாதீர்கள், நாங்கள் உங்கள் அணி.

ஒரு விஷயத்தில் எதிரணியோடு எனக்கு உடன்பாடு. முடிக்காத நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். மோசமான நூல் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல ஆசையா, உட்கார்ந்து முடியுங்கள். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்: கடினம் வேறு, சலிப்பு வேறு. கடினமான நூலை மூடி வைத்தாலும் அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரிக்கு என்ன பொருள் என்று மனம் திரும்பத் திரும்பப் போகும். அதை விடாதீர்கள். சலிப்பூட்டும் நூலை மூடினால் நிம்மதிதான் வரும். வித்தியாசம் தெரியாத அளவுக்கு எந்த வாசகரும் அப்பாவி இல்லை.

நூறு பக்கத்துக்குப் பிறகு சூடு பிடிக்கும் நூல்கள் உண்டே என்றார்கள். உண்டு. அந்த நூலை நேசிக்கும் ஒருவர், நூறைத் தாண்டு, அங்கே பார் என்று சொன்னால் அவர் சொல்லை நம்பித் தாண்டுங்கள். சொல்ல ஆள் இல்லையா, நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை எந்த நூலுக்கும் ஐம்பது பக்கம் கொடுங்கள். அதன் பிறகு நூறிலிருந்து உங்கள் வயதைக் கழித்து, மிஞ்சுகிற அளவு பக்கம் கொடுத்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நூறு வயதை எட்டியவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்! வயது ஏற ஏற நாள் குறைகிறது என்பதை இவ்வளவு சிரித்த முகத்தோடு வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த இடத்தில் எதிரணி யோசிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இருபது வயதில் ஒரு நாவலை எடுக்கிறோம். முதுமையும் தனிமையும் பற்றிய கதை. ஒட்டவில்லை. நான் மூடிவிடுகிறேன். என் எதிரணி நண்பர் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுகிறார். முப்பது ஆண்டுகள் கழிகின்றன. அந்தப் பெயர் மறுபடி கண்ணில் படுகிறது. அப்போது விட்டுவிட்டோமே, இப்போது பார்ப்போம் என்று நான் எடுக்கிறேன். இந்த முறை கீழே வைக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கதை கேட்கும் வயது எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. நண்பர் என்ன செய்வார்? அதைப் படித்தாயிற்று, பெரிதாக ஒன்றும் இல்லை என்று கடந்து போய்விடுவார். அவர் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே அன்றே அடித்த குறி இருக்கிறது. கட்டாயத்தில் முடித்ததால்தான் அந்த நூல் அவருக்கு இல்லாமல் போனது. நான் விட்டதால்தான் எனக்கு மிஞ்சியது.

கைப்பேசி காலத்தில் பொறுமை போய்விட்டது, நீங்கள் அதற்குத் துணை போகிறீர்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். கைப்பேசியைக் கையில் எடுக்க வைப்பதே விருப்பமில்லாத புத்தகம்தான். பிடித்த புத்தகம் கையில் இருப்பவருக்கு அது ஒலிப்பதுகூடக் கேட்பதில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

1755-இல் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனை யாரும் சோம்பேறி வாசகர் என்று சொல்ல மாட்டார்கள். 1773-இல் ஒருவர் அவரிடம் ஒரு புதிய நூலைப் புகழ்ந்தார். எடுத்துப் பார்த்தேன் என்றார் ஜான்சன். முழுக்கப் படிக்கவில்லையா என்று அந்த நண்பர் திடுக்கிட்டுக் கேட்டார். ஜான்சன் சொன்ன பதில்: "இல்லை ஐயா. நீங்கள் புத்தகங்களை முழுக்கப் படிப்பீர்களா?"

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிடிக்காமல், வீம்புக்காக முடித்த புத்தகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு காட்சியை, ஒரு பாத்திரத்தின் பெயரை, ஒரே ஒரு வரியை இந்த அவையில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். சொல்லிவிட்டால் நானே எழுந்து கைதட்டுகிறேன். தடுமாறினால், நடுவர் அவர்கள் தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.