பேச்சில் ஓர் ஒலியை வெட்டி எடுத்தார்கள், 20 பேரில் ஒருவருக்குக்கூட சரியாகத் தெரியவில்லை!

வணக்கம் நண்பர்களே! ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

"(இருமல்)டை சுடச்சுட இருக்கு."
"(இருமல்)டை மூடிட்டாங்க."
"(இருமல்)டை பின்னி விடு."

வடை, கடை, சடை என்றுதானே கேட்டது? மூன்றிலும் இருப்பது ஒரே பதிவு. ஒரே இருமல், ஒரே 'டை'. முதல் எழுத்தை நான் சொல்லவே இல்லை!

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவில் வரும் 'ஸ்' ஒலியை டேப்பிலிருந்து வெட்டிவிட்டு, அங்கே ஓர் இருமலை ஒட்டினார். 20 பேர் கேட்டார்கள். 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மீதி ஒருவர் விடுபட்டதாக வேறொரு ஒலியைச் சொன்னார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட ஒருவராலும் சரியாகக் காட்ட முடியவில்லை.

சரி, இருமலுக்குப் பதில் அந்த இடத்தை மௌனமாக விட்டால்? ஓட்டை உடனே தெரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வாசலில் போட்ட கோலத்தின் மேல் ஒரு மாவிலை விழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். இலைக்கு அடியிலும் கோடு ஓடுகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் கோட்டை அழித்துவிட்டால், கோலம் அறுந்தது பளிச்சென்று தெரியும். சத்தம் அந்த இலை மாதிரி. "அடியில் ஓர் எழுத்து இருந்திருக்கும்" என்று மூளை நம்ப அது இடம் தருகிறது. மௌனம் தருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'வடை' என்று முடிவு செய்ய உதவிய 'சுடச்சுட' பிறகுதான் வந்தது. வாரனும் இதைச் சோதித்தார். ஆங்கிலத்தில் '(இருமல்)ஈல்' என்று ஒலிக்க வைத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினார். 'ஷூ' என்றால் 'ஹீல்' (குதி), 'ஆரஞ்சு' என்றால் 'பீல்' (தோல்) என்று கேட்டது. மூளை பின்னால் வருவதைப் பார்த்துவிட்டு, முன்னால் போனதை நிரப்புகிறது!

அப்புறம், இரைச்சலில் முதலில் தொலைவது வாயில் எந்த இடத்தில் ஒலி பிறந்தது என்ற விவரம். 1955-இல் மில்லர், நைஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். போனில் 'எம்'மும் 'என்'னும் குழம்புவதும், "எம் ஃபார் மெட்ராஸ்" என்று நாம் கத்துவதும் அதனால்தான். உதட்டைப் பார்த்தால் அந்தக் குழப்பம் போய்விடும், 'எம்'முக்கு உதடு மூடுமே!

அதனால் கல்யாண மண்டபத்தில் காது மந்தமான தாத்தாவிடம் பேசும்போது முதுகுப் பக்கம் நின்று கத்தாதீர்கள். முன்னால் வந்து, முகத்தைக் காட்டி, "தாத்தா, சாப்பாடு விஷயம்" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அடுத்த முகூர்த்தத்தில் செய்து பார்த்து, என்ன ஆனது என்று கமெண்டில் எழுதுங்கள்.