வீட்டு மைதானம் இல்லாத அணி எங்களுக்கு வேண்டாம்

(யாழ்ப்பாணத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கழகத்தின் மூத்த வீரர்களே, பரிசுக்காகப் பின்னேரம் முழுக்கக் காத்திருக்கிற தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டும் ஒழுக்கமும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். ஒழுக்கத்தைப் பற்றி உங்கள் பயிற்றுநர்கள் தினமும் சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்த நேரத்தில் வேறொன்றைக் கேட்டுவிட்டுப் போகிறேன், தலைவர் அண்ணை மன்னிக்க வேண்டும். இந்த நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கில் வடக்குக்கென்று ஒரு அணி வேண்டுமா? வேண்டுமென்றால் அது எப்படிப்பட்ட அணியாக இருக்க வேண்டும்?

2021இல் சூப்பர் லீக் என்ற பெயரில் அந்த லீக் தொடங்கியபோது 10 அணிகள் ஆடின. கொழும்பு, ரினோன், இரத்தினம், களுத்துறை புளூ ஸ்ரார், பேருவளை றெட் ஸ்ரார், வென்னப்புவ நியூ யங்ஸ், நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ், அதோடு தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள். வடக்கிலிருந்து ஒன்று இல்லை. கிழக்கிலிருந்தும் இல்லை. அந்த 10இல் மூன்று படைகளின் அணிகள் என்பதைக் கவனியுங்கள். தெற்கில் நன்றாக விளையாடுகிற ஒரு பெடியனுக்குப் படையில் சேர்ந்தால் சம்பளமும் கிடைக்கும், பயிற்சியும் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எப்படிப்பட்டது என்பதை இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே அவர்களுக்கு உதைபந்தாட்டத்தில் சோறு போடுகிற இடம் என்று ஒன்று இன்றுவரை இல்லை.

அந்த லீக்கும் நிலைக்கவில்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கிற பீபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் மாதத்தில்தான் தடை நீங்கியது. விழுந்ததை மறுபடி கட்டுகிற காலம் இது. வீடு கட்டி முடித்த பிறகு போய் அறை கேட்பதைவிட, அத்திவாரம் போடும்போதே கேட்பதுதான் நல்லது.

சரி, ஆட ஆள் இருக்கிறதா என்று கொழும்பில் கேட்பார்கள். அவர்களை ஒரு தடவை நாவாந்துறைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே ஊருக்குள் சென்.மேரிஸ், சென்.நீக்கிலஸ் என்று இரண்டு கழகங்கள். இரண்டும் மோதுகிற நாளில் வீடுகளில் ஆள் இருக்காது. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென்.அன்ரனிஸ், இளவாலை யங்கென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், வதிரி டயமன்ட்ஸ், நவிண்டில் கலைமதி என்று சொல்லிக்கொண்டே போகலாம். மன்னாரைச் சொல்லாமல் விட்டால் பள்ளிமுனைக்காரர்கள் என்னை வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். இரவு முழுக்கக் கடலில் வலை இழுத்துவிட்டு, பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து, பின்னேரம் நாலரைக்கு பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்து 90 நிமிடம் ஓடுகிற பெடியளை நான் பார்த்திருக்கிறேன். கையில் வலைக்கயிறு அறுத்த காயம் அப்படியே இருக்கும். மத்தியஸ்தர் கை கொடுக்கும்போது இரண்டு விரலை மட்டும் நீட்டுவான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குள்ளும் நாங்கள் விளையாடினோம். ஊருக்கு ஒரு பந்து. அதற்குள் இருக்கிற பிளாடர் வெடித்தால் சைக்கிள் கடைக்காரர் ரியூப் துண்டு வெட்டி ஒட்டித் தருவார். மேலே தோல் பிரிந்தால் செருப்புத் தைக்கிறவர் மெழுகு நூலால் தைப்பார். அந்தத் தையல் புடைத்துக்கொண்டு நிற்கும், தலையால் அடித்தால் நெற்றியில் கோடு விழும். என் நெற்றிக் கோட்டைப் பார்த்தே அம்மா எங்கே நின்றேன் என்று கண்டுபிடித்துவிடுவா. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, எங்கள் கழகச் செயலாளர் காற்றைத் திறந்துவிட்டு அந்தப் பந்தை மடித்து உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வளவில் அதை மறுபடி காற்றடித்து விளையாடினோம். இப்படி வந்த விளையாட்டுக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

அப்படியானால் உடனே ஒரு அணியைச் சேர்த்துவிடலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன்.

கிரிக்கெட்டில் நடந்ததைப் பாருங்கள். லங்கா பிரீமியர் லீக்கில் 2020இல் யாழ்ப்பாணத்தின் பெயரோடு ஒரு அணி கிண்ணம் வென்றது. 2021இலும் 2022இலும் 2024இலும் வென்றது. நாங்கள் வெடி கொளுத்தினோம், நானும் கொளுத்தினேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன் வியாஸ்காந்த் அந்த அணியில்தான் 2020இல் அறிமுகமானார், 2024இல் ஐபிஎல் வரை போனார். அந்த ஒரு கதவு திறந்ததற்காகவே அந்த அணிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் பல்லேகலயிலும் தம்புள்ளையிலும் எங்கள் பெயர் விளையாடியது. எங்கள் பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கிரிக்கெட்டுக்குத் தகுந்த மைதானம் இருக்கவில்லை என்று ஒரு காரணமாவது சொல்லலாம். உதைபந்தாட்டத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. மூலை உதை எடுக்கிற பெடியனின் மூச்சுக் கேட்கிற தூரத்தில் நின்று பார்க்கலாம்.

கடல் கடந்தும் இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில் ரவுன்ஸ்வில் நகருக்கு 2009இல் அந்த நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கான ஏ-லீக்கில் ஒரு அணி கொடுத்தார்கள். நோர்த் குயின்ஸ்லாந்து பியூரி என்று பெயர். முன்னர் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஆடிய நட்சத்திரம் றொபி பவுலரையே கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டே பருவம்தான். செலவு தாங்காமல் 2011இல் அணியை மூடிவிட்டார்கள். தூரத்து நகரம், பயணச் செலவு, பெரிய பெயருக்குப் பெரிய சம்பளம். நட்சத்திரத்தைக் காட்டினால் காசு தானாக வரும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

மற்றது இந்தியாவின் வடகிழக்கு மாநிலமான மிசோரம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நித்திரையைக் கெடுத்த கதை இதுதான். 2011 கணக்கெடுப்பில் மிசோரத்தின் சனத்தொகை ஏறக்குறைய 11 இலட்சம். அடுத்த ஆண்டு இங்கே எடுத்த கணக்கெடுப்பில் எங்கள் வடமாகாணம் ஏறக்குறைய 10 இலட்சத்து 60 ஆயிரம். கிட்டத்தட்ட ஒரே அளவு. மலை நாடு, நடுவணிலிருந்து வெகுதூரம், ஆயுதப் போராட்டத்தைக் கடந்து வந்த சனம். அவர்கள் 2012இல் தங்களுக்குள் மிசோரம் பிரீமியர் லீக்கைத் தொடங்கினார்கள். ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தெருவில் விளையாடிய பெடியள் வாரம் தவறாமல் மத்தியஸ்தரோடும் புள்ளிப் பட்டியலோடும் விளையாடப் பழகினார்கள். அதிலிருந்து தலைநகர் ஐசாலின் அணி, அப்போது இந்தியாவின் முதல்தர லீக்காக இருந்த ஐ-லீக்குக்குப் போனது. முதல் பருவத்தில் கீழிறக்க நிலைக்கே வந்துவிட்டது. வேறு அணிகள் விலகியதால்தான் மறுபடி இடம் கிடைத்தது. அடுத்த பருவத்தில், 2017இல், மோகன் பகானை ஒரு புள்ளியால் பின்தள்ளி அந்த அணி இந்தியாவின் சம்பியன் ஆனது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து அந்த லீக்கை வென்ற முதல் அணி அதுதான்.

மேலே ஒரு அணி வருவதற்கு முன் கீழே ஒரு லீக் ஒழுங்காக நடந்தது. பியூரிக்கும் ஐசாலுக்கும் இடையில் நான் காண்கிற வித்தியாசம் இதுதான். எங்களிடம் யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, மருதங்கேணி லீக்குகள் இருக்கின்றன. மன்னாரிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கழகங்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஆட்டத்தில் பெரும்பகுதி விலகல் முறைச் சுற்றுப்போட்டி. ஒரு பின்னேரம் சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்றால் அந்த அணிக்கு அந்த மாதம் முடிந்தது. அப்படி விளையாடுகிறவனுக்கு ஆறு மாதப் பருவத்துக்கான உடம்பும் வராது, மனமும் வராது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் காசு இல்லை என்று நான் நம்பவில்லை. ஞாபகார்த்தக் கிண்ணங்கள் எத்தனை நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவின் நினைவாக, அகாலத்தில் போன அண்ணாவின் நினைவாக, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிறார்கள். அது அன்பின் காசு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காசு ஒரு வாரத்தில் கிண்ணமாகவும் பந்தலாகவும் ஒலிபெருக்கியாகவும் முடிந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதியாவது ஒரு பயிற்றுநரின் மாதச் சம்பளமாகட்டும். ஒரு வீரனின் முழங்கால் சிகிச்சையாகட்டும். அந்தப் பயிற்சி முகாமுக்கு அப்பாவின் பெயரையே வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் கொழும்பில் ஒரு கழகத்துக்கு விளையாடப் போனான். இடது காலால் உதைத்தால் பந்து வளைந்து போகும். தருவதாகச் சொன்ன படிக்காசு மூன்று மாதமாக வரவில்லை. அறை வாடகை கட்ட முடியாமல் இரவு ரயில் ஏறித் திரும்பிவிட்டான். இப்போது மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறான். அவனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு அணி இருந்திருந்தால் வாடகை என்ற செலவே வந்திருக்காது.

ஊர்க் கழகங்களின் நல்ல வீரர்களை அந்த அணி உறிஞ்சிவிடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம். அதனால்தான் அணி எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது என்கிறேன். ஐந்து மாவட்டங்களின் லீக்குகளும் சேர்ந்து அதை வைத்திருக்கட்டும். ஒரு வீரனை எடுத்தால் அவனை வளர்த்த கழகத்துக்கு ஒரு தொகை போகட்டும். சில ஆட்டங்களை மன்னாரிலும் வைக்க வேண்டும். தங்கச்சிமாருக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு அணி வேண்டும். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பிள்ளைகள் பாடசாலை மட்டத்தில் நாட்டையே வென்று காட்டியவர்கள். உயர்தரம் முடிந்த மறுநாள் அவர்களுடைய பூட்ஸ் எங்கே போகிறது என்று யாராவது கேட்டோமா?

லீக்குகளின் செயலாளர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். முதலில் எங்களுக்குள் ஒரு முழுப் பருவ லீக்கை, எங்கள் மைதானத்தில் ஒரு ஆட்டம், எதிரணியின் மைதானத்தில் ஒரு ஆட்டம் என்ற முறையில் நடத்திக் காட்டுகிறோம், அதற்குப் பிறகு எங்களுக்கு இடம் தாருங்கள் என்று அதில் கேட்டிருக்கிறேன். வீட்டு மைதானம் என்ற இடத்தில் துரையப்பா விளையாட்டரங்கு என்று எழுதியிருக்கிறேன். அணியின் பெயருக்கான இடத்தை நிரப்பவில்லை, அது நீங்கள் கூடிப் பேசி வைக்க வேண்டியது. கடிதம் வாசலில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கிற மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பரிசளிப்பு முடிந்து போகும்போது வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அதிலேயே வெட்டித் திருத்துங்கள்.