நான்கு பைட்டுக்காக மூன்று நாள்

வணக்கம். முதலில் திரையைப் பாருங்கள், பிறகு பேசுகிறேன். மேல் வரியில் ஒரு ஹாஷ், கீழ் வரியில் ஒரு ஹாஷ். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். மேலே இருப்பது பெரியவரிடமிருந்து வந்தது, கீழே இருப்பது கிழவனாரிடமிருந்து. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்தும் மாறவில்லை! நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு இதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். பின்னால் கேட்கும் இரைச்சல் மின்விசிறி இல்லை, கிழவனார் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரியவர் என்பது என் மேசைக் கணினி, கிழவனார் பழைய மடிக்கணினி, பொடியன் ஆர்ம் செயலி உள்ள சிறு பலகைக் கணினி. மூன்றையும் சேர்த்து மென்பொருள்களைக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டும் பைனரியாக மாற்றி, வீட்டில் உள்ள மற்றக் கணினிகளுக்கு ஆயத்தப் பைனரிகளாகக் கொடுக்கும் முயற்சி ஆறு வீடியோவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வீடியோவின் கீழே பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். இணையத்தில்தான் எல்லாம் தயாராகக் கிடைக்கிறதே, இறக்கிக்கொண்டு போகாமல் இந்த வேலை எதற்கு? நியாயமான கேள்விதான். நானும் பெரும்பாலும் இறக்கித்தான் கொள்கிறேன். எல்லாவற்றையும் தானே கம்பைல் செய்வதற்குப் பேர்போன லினக்ஸ் வகையான ஜென்டூவே 2023 டிசம்பரில் ஆயத்தப் பைனரிகளை அதிகாரபூர்வமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் உலாவியில் எனக்குப் பிடிக்காத ஒன்றை நான் மாற்றி வைத்திருக்கிறேன். என்ன மாற்றம் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி வீடியோ இருக்கிறது. மாற்றிய கணமே ஆயத்தப் பைனரி எனக்கு உதவாது.

நான் பயன்படுத்துவது நிக்ஸ், மென்பொருள் தொகுப்புகளைக் கம்பைல் செய்து நிறுவும் கருவி. எல்கோ டோல்ஸ்ட்ரா 2003 வாக்கில் தொடங்கிய வேலை இது. ஒரு தொகுப்பின் மூல நிரல், கம்பைலர், அதற்கு வேண்டிய நூலகங்கள், கொடுக்கும் கட்டளைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து 32 எழுத்தில் ஒரு ஹாஷ் செய்கிறார்கள். அந்த ஹாஷ்தான் தொகுப்பின் முகவரியில் முன்னால் நிற்கும். உங்கள் கணினி சர்வரிடம், ‘இந்த முகவரியில் எதாவது வைத்திருக்கிறாயா?’ என்று கேட்கும். இருந்தால் இறக்கிக்கொள்ளும், இல்லையென்றால் தானே கம்பைல் செய்துகொள்ளும். இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் கவனியுங்கள், முகவரியில் நிற்கும் அந்தப் பெயர் செய்முறைக்கு உரியது. விளைந்த பொருளுக்கு உரியது அல்ல. ஒரே செய்முறையை வைத்துக்கொண்டு பெரியவர் ஒரு விதமாகவும் கிழவனார் வேறு விதமாகவும் பைனரியைக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எது முதலில் சர்வருக்குப் போய்ச் சேர்கிறதோ அதற்குக் கையொப்பம் (நம்பலாம் என்பதற்கான டிஜிட்டல் முத்திரை) விழும், அதுதான் எல்லோருக்கும் போகும். மற்றது குப்பை. எனக்கு நடந்தது இதுதான்.

ஒரு சின்னக் கட்டளைவரிக் கருவி. பெயர் சொல்ல மாட்டேன், அதை எழுதியவர் நல்ல மனிதர். முகவரி ஒன்றுதான், ஆனால் விளைந்த பைனரிக்குப் பெரியவரிடம் ஒரு ஹாஷ் வந்தது, கிழவனாரிடம் வேறு ஹாஷ் வந்தது. உடனே செயலிதான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். பெரியவர் புதிய செயலி, கிழவனார் பழசு. கம்பைலர் அந்தந்தச் செயலிக்கு ஏற்ற கட்டளைகளைப் போட்டிருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் அதிலேயே போயிற்று. அதில் ஒன்றும் இல்லை. அடுத்து, செயலிக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கை மேல் சந்தேகம். பெரியவரை ஒரே கோரில் ஓடவிட்டு, முனகிக்கொண்டே காத்திருந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள்தான் டிஃபோஸ்கோப் நினைவுக்கு வந்தது. இரண்டு பைனரிகளை உரித்து உரித்து, எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும் கருவி அது. நிரலில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் கையேட்டுப் பக்கத்தில்! அதுவும் கையேட்டின் எழுத்தில் இல்லை, அதைச் சுருக்கி வைத்திருக்கும் ஜிசிப் கோப்பின் தலைப்பில். ஐந்தாம் பைட்டிலிருந்து எட்டாம் பைட் வரை நான்கே நான்கு பைட். அங்கே ஜிசிப், மூலக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை எழுதி வைக்கும், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக. இரண்டு எண்களையும் எடுத்துக் கழித்தேன். 2,460 விநாடி. அதாவது 41 நிமிடம். பெரியவரில் கம்பைல் வேலையைத் தொடங்கிவிட்டு, எழுந்து போய், சோம்பலாகத் திரும்பி வந்து கிழவனாரைத் தட்டியதற்குச் சரியாக அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. என் சோம்பல் பைனரிக்குள் பதிவாகியிருக்கிறது!

இருங்கள், முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இரண்டு கணினிகளே தேவைப்பட்டிருக்காது. பெரியவரிலேயே இரண்டு முறை கம்பைல் செய்து ஒப்பிட்டிருந்தால் முதல் நாள் காலையிலேயே சிக்கியிருக்கும். நிக்ஸில் அதற்கென்றே ‘செக்’ என்ற வசதி இருக்கிறது, நான் பயன்படுத்தவில்லை. கருத்துப் பகுதியில் என்னைத் திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொள்கிறேன்.

சரிசெய்ய என்ன ஆயிற்று என்கிறீர்கள்? ஜிசிப் கட்டளையில் ஒரே ஓர் எழுத்து, ‘என்’. நேரத்தையும் பெயரையும் எழுதாதே என்று அதற்குப் பொருள். மூன்று நாள், ஓர் எழுத்து. இந்த மாதிரியான விஷயங்களை டெபியன் என்ற லினக்ஸ் வகையைச் செய்பவர்கள் 2013 முதல் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் களைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். மூன்று கணினிகள் இருந்தால் மூன்று மடங்கு வேகம் என்று நினைத்தவன் நான். அந்த உலாவி இருக்கிறதே, அது ஒரே தொகுப்பு. நிக்ஸ் வேலையைத் தொகுப்பு தொகுப்பாகத்தான் பிரித்துக் கொடுக்கும். ஒரு தொகுப்பை உடைத்து மூவருக்கும் பங்கு போடாது. ஆகவே பெரியவர் ஒன்பது மணி நேரம் வெந்துகொண்டிருக்கிறார், கிழவனார் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். டிஸ்ட்சிசி, பேசல் போன்ற வேறு கம்பைல் கருவிகள் கோப்பு கோப்பாகவே வேலையைப் பிரிக்கும்; அங்கே இந்தக் குறை இல்லை. ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் வேலை ஒரே கணினியில்தான் நடக்க வேண்டும், அதற்கு நினைவகம் பத்தாமல் அங்கே விழுந்து கிடக்கலாம். நான் விழுந்திருக்கிறேன், நான்காம் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

சிறு சிறு தொகுப்புகளிலாவது லாபமா? கம்பைல் முடிந்ததும் ஒவ்வொன்றும் பெரியவரிடம் திரும்பி வருகிறது. அவர் அதைச் சுருக்கி, கையொப்பமிட்டு, சர்வரில் ஏற்றுகிறார். கம்பைல் வேகமாக முடிந்தது, சுருக்குவதற்கு வரிசை நின்றது! எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவி நன்றாகச் சுருக்கும், ஆனால் ஆமை. இசட்ஸ்டாண்டர்டு என்ற வேறொரு கருவிக்கு மாற்றினேன், கோப்புகள் கொஞ்சம் பருத்தன, வரிசை கரைந்தது. வட்டு நிறைந்தால் பிறகு அழுதுகொள்ளலாம்.

பொடியனை மறந்துவிட்டேன். பெரியவரிலேயே ஆர்ம் பைனரி செய்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு: குறுக்குக் கம்பைல், அதாவது ஒரு வகைச் செயலியில் வேறு வகைக்கான கம்பைல், செய்தால் செய்முறையே மாறிவிடுகிறது, எனவே ஹாஷும் மாறும். பொடியன் கேட்கும் முகவரி அது இல்லை. எமுலேஷன் செய்தால், அதாவது பெரியவரை ஆர்ம் செயலி போல நடிக்க வைத்தால், முகவரி சரியாக இருக்கும், ஆனால் வேகம் பொடியனைவிட மோசம். ஆகவே பொடியனுக்குப் பொடியனேதான்.

இன்னொரு செலவு. ஏறக்குறைய எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் குனு சி நூலகத்தில் ஒரு வரி மாறினால் டெபியனில் பெரும்பாலும் அந்த ஒரு தொகுப்பை மாற்றினால் போதும். நிக்ஸில் அதைத் தொட்ட எல்லாவற்றின் முகவரியும் மாறும். ஏறக்குறைய மொத்தத்தையும் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். அதனால்தான் அவர்கள் இப்படிப்பட்ட மாற்றங்களை ‘ஸ்டேஜிங்’ என்ற தனிக் கிளையில் சேர்த்து வைத்து மொத்தமாக விடுகிறார்கள். நான் சேர்த்து வைக்காமல் போன வெள்ளிக்கிழமை விட்டேன். ஞாயிறு மாலை முடிந்தது.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு உண்மையில் பிடிக்காதது வேகக் குறைவு இல்லை. பத்துக் கணினிகளில் கம்பைல் செய்துவிட்டுக் கடைசியில் ஒரே சாவியால் கையொப்பமிடுவதுதான் பிடிக்கவில்லை. அந்தச் சாவியைத் திருடனிடம் பறிகொடுத்தால் பத்தும் போயிற்று. நிக்ஸில் நம்பும் சாவிகளைப் பட்டியலிடலாம், ஆனால் பட்டியலில் ஏதாவது ஒன்று கையொப்பமிட்டிருந்தாலே போதும். ‘இரண்டு பேர் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று சொல்ல இயல்பான வழி இல்லை. நிக்ஸைப் போன்ற இன்னொரு கருவியான கீக்ஸில் ‘சேலஞ்ச்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, வெவ்வேறு சர்வர்கள் கொடுக்கும் பைனரிகளை ஒப்பிட்டுக் காட்டும். அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். ஒரே தலைமையின் கீழ் பத்துக் கணினிகள் வேண்டாம், ஒருவரையொருவர் நம்பாத இரண்டு போதும். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை.

இப்படி ஒப்பிட்டால் எல்லாம் பிடிபட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைத்து வைத்த கதவு வெளிப்பட்டதே, அங்கே வெளியிட்ட மூலத் தொகுப்பிலேயே நஞ்சு இருந்தது. பத்துக் கணினிகளும் அந்த மூலத்தைக் கம்பைல் செய்து, மிக நேர்மையாக, ஒரே நஞ்சுக்கு ஒரே ஹாஷைக் கொடுத்திருக்கும். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டுக்குத் துப்பு கொடுத்தது ஹாஷ் இல்லை. உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனதுதான்.

ஒரு நிமிடம், திரையில் சிவப்பு வந்திருக்கிறது. அதே கருவிதான், இப்போது பொடியனில் இரண்டாவது முறை ஓடியது. முதல் முறை வந்த ஹாஷோடு ஒத்துப்போகவில்லை. இந்த முறை ‘செக்’தான் போட்டேன், பாருங்கள்! டிஃபோஸ்கோப்பைத் திறக்கிறேன், ஒலிவாங்கியை அணைக்கிறேன்.